பிங் அடித்துப் பார்த்த கதை

2020 ஜூலையில் ஒரு காலை, ராயப்பன்பட்டியிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். இரவெல்லாம் விழித்திருந்த குரல்.

"அண்ணே, என் வாய்ஸ் உடையுதாம். கஸ்டமர் கத்துறாங்க. டீம் லீடர் மூணாவது தடவையா எழுதி வச்சுட்டாரு. இன்னும் ஒரு தடவைன்னா பேப்பர் போடச் சொல்லிருவாங்களாம்."

அவள் வேலை பார்த்தது அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் ஒரு கால் சென்டரில். ஊரடங்கு வந்ததும் சென்னை ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, கம்பெனி கொடுத்த லேப்டாப்போடு ஊருக்கு வந்துவிட்டாள். ராத்திரி ஏழரை மணிக்கு ஷிப்ட் ஆரம்பம், விடியற்காலை நாலரைக்கு முடிவு. கேபிள் டிவி நடத்துகிறவர் இழுத்துக் கொடுத்த ஃபைபர் வீட்டில் இருந்தது. "ஸ்பீடு டெஸ்ட் போட்டா நாப்பது காட்டுதுண்ணே. நெட்டு நல்லாத்தான் இருக்கு. நான் என்ன பண்ணுறது?"

இப்படி ஊரிலிருந்து கால் சென்டர் வேலை பார்ப்பதே அதுவரை சட்டப்படி ஏறக்குறைய முடியாத காரியம். 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைப்படி கால் சென்டர்கள் 'இதர சேவை வழங்குநர்' என்ற வகையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த விதிகளின்படி ஊழியரை வீட்டிலிருந்து பேச வைக்க வேண்டுமானால், நிறுவனம் ஒரு கோடி ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தனி வலையமைப்பு வாங்க வேண்டும். எவன் கட்டுவான்? 2020 மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை இந்த இரண்டையும் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. தற்காலிகம் நீண்டுகொண்டே போய், அந்த நவம்பரில் விதிகளே பெரும்பாலும் தளர்த்தப்பட்டன. ஒரே மாதத்தில் நாட்டின் கால் சென்டர்கள் லட்சக்கணக்கான படுக்கையறைகளுக்குள் சிதறிப் போயின. அதுவரை ஒரு கட்டிடத்துக்குள் நெட்வொர்க் என்ஜினியர்கள் கண்காணித்த ஒரு விஷயத்தை, திடீரென்று அவளைப் போன்றவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் கருவி அவர்கள் கையில் இல்லை. பழி மட்டும் வந்து சேர்ந்தது.

கருவி இல்லை என்று சொல்வதும் சரியில்லை. அது எல்லாக் கணினியிலும் இருந்தது. கருப்புத் திரையைத் திறந்து நான்கெழுத்து அடித்தால் போதும்.

முதலில், ஸ்பீடு டெஸ்ட் ஏன் உதவாது என்று சொல்லிவிடுகிறேன். இணையத்தில் போகும் பேச்சு, வழக்கமாக 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கப்படுகிறது. வினாடிக்கு 50 துண்டுகள். பழைய தொலைபேசித் தரமான ஜி.711 முறையில் ஒவ்வொரு துண்டிலும் 160 பைட் குரல், அதன் மேல் முகவரி முதலியவற்றுக்காக 40 பைட். மொத்தம் வினாடிக்கு 80 கிலோபிட். நாற்பது மெகாபிட் வருகிற வீட்டில் இது யானைக்குச் சோளப்பொரி. அகலம் பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. ஒரு துண்டு தாமதமாக வந்தால் அதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும், ஆகவே அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்கவும் நேரமில்லை. ஸ்பீடு டெஸ்ட் சொல்வது, எத்தனை லாரி சரக்கு ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கும் என்பதை. நமக்கு வேண்டியது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் தவறாமல் வருகிறதா என்பது.

அந்தக் கேள்வியைக் கேட்கிற கருவிக்கு வயது முப்பத்தாறு ஆகியிருந்தது.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792 என்ற ஆவணத்தில் 'எதிரொலி' என்று ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. ஒரு கணினிக்கு எட்டாம் வகைச் செய்தி அனுப்பினால், அது அதே செய்தியை பூஜ்ஜிய வகையாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். 1983இல் மைக் மூஸ் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். அந்த ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில், இந்த எதிரொலியை வைத்துத் தாமதத்தை அளக்கலாம் என்று டேவிட் மில்ஸ் சொன்னது அவர் காதில் விழுந்தது. டிசம்பரில் அவர் கூடத்து வலையமைப்பு விசித்திரமாக நடந்துகொண்டபோது அது ஞாபகம் வந்தது. ஒரே மாலையில் நிரலை எழுதி முடித்துவிட்டார். கல்லூரியில் சோனார் பற்றிப் படித்தவர் என்பதால், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலியின் பெயரையே வைத்தார்: பிங். (இது ஒரு நீண்ட ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் என்று பரீட்சைக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அது மில்ஸ் பிறகு ஒட்டவைத்த விரிவு.) தன் வாழ்க்கையில் மிகவும் பேசப்படப் போவது இந்தச் சின்ன நிரல்தான் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு நாள் சேர்த்து உழைத்திருப்பேன் என்ற பொருளில் மூஸ் பின்னாளில் எழுதினார். 2000 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் இறந்தார்.

மூஸ் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஒரு கட்டிடத்தில் கேபிள் இணைப்பு எங்கேயோ லூசாகி, நெட்வொர்க் வந்து வந்து போயிற்று. ஒருவர், பதில் வரும் ஒவ்வொரு முறையும் கணினி வாய்விட்டு 'பிங்' என்று சொல்லும்படி செய்து, ஒலியைப் பெரிதாக வைத்துவிட்டு, கட்டிடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தாராம். எதை ஆட்டும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் கோளாறு.

நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம், போனில். கம்பெனி லேப்டாப்பில் கருப்புத் திரையைத் திறக்க அனுமதி இல்லை. அவள் தம்பியின் பழைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டோம். விண்டோஸில் பிங் அடித்தால் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். "நாலுக்கு நாலும் வந்துருச்சுண்ணே, லாஸ் ஜீரோ" என்றாள். ஐந்து நிமிட அழைப்பு ஒன்றில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பதினைந்தாயிரம் துண்டுகள் போகின்றன. நாலை வைத்து என்ன சொல்ல முடியும்? மைனஸ் டி சேர்த்து, நிறுத்தும்வரை ஓடவிடச் சொன்னேன். அருகிலிருந்து தொலைவுக்குப் போவதுதான் முறை: முதலில் வீட்டு ரூட்டர், பிறகு இணையம் தருகிறவரின் முதல் பெட்டி, கடைசியில் கம்பெனியின் நுழைவாயில்.

முதல் படியிலேயே ஒன்று சிக்கியது. அடுத்த அறையில் இருக்கும் ரூட்டருக்கே 3 மில்லிவினாடி, 4, 85, 3, 140 என்று குதித்தது. வைஃபை. அந்தக் காலத்துக் கல்வீடு, சுவர் ஒன்றரை அடி. ஒயர் வாங்கிச் செருகியதும் ஒரு மில்லிவினாடிக்குள் அடங்கியது. "அவ்வளவுதானா?" என்றாள். அன்றிரவும் குரல் உடைந்தது.

இரண்டாவது கருவிக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குப் பாடம் தேவையில்லை. ராயப்பன்பட்டியை ஒட்டி மேகமலை அடிவாரத்தில் சண்முகாநதி அணை இருக்கிறது. அதிலிருந்து திறக்கும் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடைப்பட்டிப் பக்கம் வரை போக வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அங்கே உட்கார்ந்து வானத்தைத் திட்டிப் பயனில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடக்க வேண்டும். இந்த மடையில் இருக்கிறதா, இருக்கிறது. அடுத்த மடையில்? எந்த இரண்டு மடைக்கு நடுவில் தண்ணீர் காணாமல் போகிறதோ அங்கேதான் உடைப்போ திருட்டோ.

வலையமைப்பில் இப்படி மடை மடையாக நடக்க வழி செய்தவர் வான் ஜேக்கப்சன். ஸ்டீவ் டீரிங் சொன்ன ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு 1987 வாக்கில் டிரேஸ்ரூட்டை எழுதினார். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆயுள் எண் உண்டு. கடக்கும் ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்ஜியம் ஆனதும் அந்த ரூட்டர் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, 'உன் துண்டு என்னிடத்தில் செத்தது' என்று அனுப்பியவருக்கு ஒரு சாவுச் சேதி போடும். வழி தவறிய துண்டுகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஜேக்கப்சன் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஆயுள் ஒன்று என்று எழுதி அனுப்பு, முதல் ரூட்டர் தன் முகவரியோடு சேதி போடும். இரண்டு என்று அனுப்பு, இரண்டாவது ரூட்டர். இப்படியே போய்ச் சேரும்வரை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வலையமைப்புக்குச் சொந்தக்காரர் தன் வரைபடத்தைக் காட்ட மறுத்தாலும் அவருடைய பெட்டிகளே காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சங்கதி அவருக்கு அப்போது பெரிதாகத் தோன்றியதோ இல்லையோ, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய தொலைபேசி உலகில் லைன் சரியில்லை என்றால் புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு' என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னால், மறுக்க நம்மிடம் எதுவும் கிடையாது.

இந்தியாவில் டிரேஸ்ரூட் ஒரு காலத்தில் நல்ல வேடிக்கை காட்டியது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு இணைய நிறுவனங்களுக்கு நடுவே போகும் துண்டு, அமெரிக்காவையோ சிங்கப்பூரையோ சுற்றிக்கொண்டு வந்தது. உள்நாட்டில் இரண்டும் சந்திக்கும் இடமே இல்லை. அதற்காகத்தான் 2003இல் நிக்சி என்ற தேசிய இணையச் சந்திப்பு நிலையத்தைத் தொடங்கினார்கள்.

கால் சென்டருக்கு இந்தச் சுற்று சாதாரண விஷயமில்லை. ஒரு பக்கப் பயணம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று ஜி.114 என்ற சர்வதேசப் பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், 'சாரி, நீங்க சொல்லுங்க' ஆரம்பமாகும். செயற்கைக்கோள் வழியில் இது நடக்காத காரியம். பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோளுக்கு ஏறி இறங்கவே ஒரு பக்கத்துக்குக் கால் வினாடி போய்விடும். 80களிலும் 90களின் தொடக்கத்திலும் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் செயற்கைக்கோள் இணைப்பில் பிழைத்தன என்றால், நிரலுக்குக் கால் வினாடி பொருட்டில்லை என்பதால்தான். குரலுக்குக் கடலடிக் கண்ணாடி இழை வேண்டியிருந்தது. சென்னைக்கு அது 2002இல் சிங்கப்பூரிலிருந்து 3,200 கிலோமீட்டர் நீள ஐ2ஐ கேபிளாக வந்தது, 2005இல் சீ-மீ-வீ 4.

இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்கோடு போட்டாலே பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. பிங் அடித்தால் போய்வர 200 மில்லிவினாடிக்கு மேல்தான் காட்டும். ஒரு பக்கத்துக்கு நூறைத் தாண்டி வையுங்கள். குரலை நறுக்க 20, மறுமுனையில் சீராக்கக் காத்திருக்க ஒரு 20, 30. 150 கிட்டத்தட்ட முடிந்தது. மிச்சம் இருக்கும் சில்லறையில்தான் சென்னையிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு, அங்கிருந்து அந்தக் கல்வீடு எல்லாம் அடங்க வேண்டும். கடலுக்கடியில் பத்தாயிரக்கணக்கான கிலோமீட்டரை ஒழுங்காகக் கடந்து வந்த குரலை, கடைசி ஐந்து கிலோமீட்டர் கெடுத்துவிடலாம்.

கடலும் சில சமயம் கெடுத்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கேபிள்களும் அறுந்தன. இரண்டு நாளில் துபாய்ப் பக்கம் ஃபால்கன் கேபிளும் போயிற்று. அதில் ஐந்தாறு டன் எடையுள்ள ஒரு கைவிடப்பட்ட நங்கூரம் கிடந்ததாகக் கேபிள் நிறுவனம் சொன்னது. இந்தியாவின் வெளிநாட்டு இணையத் திறனில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அப்போது செய்தி. ஐரோப்பா வழியே போன போக்குவரத்தைக் கிழக்கே திருப்பி, பசிபிக் வழியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவின் ஸ்லாக் இயற்பியல் கூடம் 1995 முதல் பிங்கர் என்ற பெயரில் உலகின் பல நாடுகளுக்குப் பொழுதன்றைக்கும் பிங் அடித்துப் பதிவு செய்து வந்தது. அந்த வாரத்தில் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் தாமதம் ஏறிய கதை அதில் பதிவாகியிருக்கிறது. அணு உடைப்பவர்கள் தங்கள் வசதிக்காக வைத்த அளவுகோல், கடைசியில் கடலடி கேபிளின் வரலாற்று ஆவணமாகிவிட்டது.

இதற்கிடையில் கிராமத்துக்குக் கால் சென்டரைக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. சென்னை ஐஐடியின் ஆதரவில் உருவான தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டத்துக் கொல்லுமாங்குடியில் மையம் வைத்தது. தமிழக அரசு 2010இல் ஊரக பிபிஓ கொள்கை ஒன்றை வெளியிட்டது. இவற்றுக்கு வந்த வேலை பெரும்பாலும் தரவு உள்ளீடு, ஆவணம் சரிபார்த்தல், அதாவது குரல் இல்லாத வேலை. மொழி, உச்சரிப்பு என்று காரணம் சொல்வார்கள். அது பாதிதான் என்பது என் எண்ணம். தட்டச்சு செய்தது அரை நிமிடம் தாமதமாகப் போனாலும் குடி முழுகாது, பேச்சு அப்படியில்லை.

ராயப்பன்பட்டிக்குத் திரும்புகிறேன். டிரேஸ்ரூட் ஓடவிட்டோம். நடுவில் இரண்டு வரி முழுக்க நட்சத்திரக் குறி. "இங்கதாண்ணே கட்டாகுது!" என்றாள் உற்சாகமாக. இல்லை. பல ரூட்டர்கள் சாவுச் சேதி எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், சில எழுதவே எழுதாது. நடுமடைக்காரர் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் கீழ்மடையில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அங்கே உடைப்பு இல்லை. ஓரிடத்தில் தொடங்கிய இழப்பு முடிவு வரைக்கும் தொடர்ந்தால்தான் கணக்கு. இதைத் தெரியாமல் நடுவில் இருக்கிறவர் மேல் புகார் எழுதி மூக்குடைபட்டவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு இணையம் தருகிறவரின் முதல் பெட்டிக்கு பிங் ஓடிக்கொண்டே இருந்தது. 6, 6, 7, 6. பத்தரை மணிக்குத் திடீரென்று 300, 540, 780. துண்டு ஒன்றும் தொலையவில்லை, வரிசையில் நின்று ஆடி அசைந்து வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் தானாக 6க்கு இறங்கியது. மறுநாளும் அதே நேரம்.

இந்த நோய்க்குப் பெயர் உண்டு. 2010இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்பியபோது, வீட்டு இணையமே முடங்குவதைப் பார்த்து பிங் அடித்துத் துருவினார். ரூட்டர்களில் நினைவகம் மலிவாகிப் போனதால் தேவைக்கு மேல் பெரிய காத்திருப்பு வரிசைகளை வைத்துவிட்டார்கள். ஒருவர் பெரிய கோப்பை ஏற்றினால் வரிசை நிரம்பிவிடும், 200 பைட் குரல் துண்டும் அதே வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். இதற்கு 2012இல் கேத்லீன் நிக்கல்ஸோடு சேர்ந்து கோடெல் என்ற மருந்தைத் தந்தவர் அதே வான் ஜேக்கப்சன். நெரிசல் அவருக்குப் பழைய எதிரி. 1986 அக்டோபரில் பெர்க்லியில் ஆய்வுக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் வேகம் 40 பிட்டாகச் சரிந்தது. அதைத் துருவப் போய்த்தான் இன்றைய இணையத்தின் நெரிசல் கட்டுப்பாடே வந்தது.

சரி, பத்தரை மணிக்கு வீட்டில் யார் எதை ஏற்றுகிறார்கள்? தம்பி படுக்கப் போகும்போது போனைச் சார்ஜில் போடுவான். சார்ஜும் வைஃபையும் இருந்தால் அன்று எடுத்த வீடியோவெல்லாம் தானாகவே மேலே ஏறும்படி போன் வைத்திருந்தது. சண்முகாநதி அணைக்குக் குளிக்கப் போன வீடியோக்கள்! அதை நிறுத்தியதும் பத்தரை மணி மலை கரைந்துபோனது. கம்பெனி சொன்னது முக்கால்வாசி உண்மைதான், கோளாறு வீட்டில்தான் இருந்தது. அவளுக்கு இது அவ்வளவாக ருசிக்கவில்லை.

ஆனால் திங்கட்கிழமை இரவுகளில் மட்டும் இன்னும் உடைந்தது. மூன்று ஜன்னல்களைத் திறந்து மூன்று இடத்துக்கும் ஒரே நேரத்தில் பிங் ஓடவிட்டு, கோப்பில் சேமிக்கச் சொன்னேன். வீட்டு ரூட்டர் சுத்தம். இணையம் தருகிறவர் சுத்தம். கம்பெனியின் நுழைவாயிலுக்கு மட்டும் நூற்றுக்கு நான்கைந்து தொலைந்தது. அமெரிக்காவில் திங்கள் காலை, அழைப்புகள் குவியும் நேரம். ஒரு அலுவலகத்துக்கென்று வாங்கி வைத்த பெட்டி வழியாக இப்போது அத்தனை பேரும் வீட்டிலிருந்து நுழைந்துகொண்டிருந்தார்கள். பிங்குக்குப் பதில் வரவில்லை என்பதாலேயே குரலும் தொலைகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, நட்சத்திரக் குறிக்குச் சொன்ன அதே காரணம் இங்கேயும் பொருந்தும். ஆகவே குரல் உடைந்த அழைப்புகளின் நேரத்தை அவளே ஒரு நோட்டில் குறித்து, கோப்போடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். பதினொன்றில் ஒன்பது பொருந்தியது.

மூன்று திங்கட்கிழமைகளின் பதிவைச் சேர்த்து மெயில் போட்டாள். டீம் லீடருக்கு அது விளங்கவில்லை, நல்லவேளையாக நெட்வொர்க் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். பத்து நாள் கழித்து அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டு, வேறு நுழைவாயிலின் முகவரியை அவள் லேப்டாப்பில் மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு 'வாய்ஸ் உடையுது' என்று எழுதப்படவில்லை. முன்பு எழுதிய மூன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தக் காலாண்டு ஊக்கத்தொகையும் வரவில்லை. கேட்டதற்கு, மூடிய கணக்கைத் திறக்க முடியாது என்று பதில்.

இப்போதும் வீட்டிலிருந்துதான் வேலை. போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் இன்னொரு போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டாள். ஆனைமலையன்பட்டியிலிருந்து ஒரு பெண், வேறொரு கம்பெனி, அதே புலம்பல். இவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மொதல்ல ஒயரைச் செருகும்மா. நாலு பத்தாது, மைனஸ் டி போடு. அப்புறம் வீட்டுல யாரு போன் சார்ஜுல கெடக்குன்னு பாரு."